துண்டுக்கு அடியில் பேசும் விலை: பொது இடத்தில் படம் எடுப்பதும் சம்மதமும்

வெள்ளகோவிலுக்கு அருகே கண்ணபுரத்தில், சித்திரை மாதம் மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழாவை ஒட்டி மாட்டுச் சந்தை கூடும். காங்கயம் மாடு வாங்கவும் விற்கவும் பல மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். மரத்தடியிலும் வண்டியோரத்திலும் சாம்பல் நிற மயிலைகளும் செந்நிறச் செவலைகளும் கட்டப்பட்டிருக்கும். எல்லாம் வெட்டவெளி. யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். எந்த மாட்டின் பல்லையும் பிடித்துப் பார்க்கலாம். விலை மட்டும் வெளியே வராது. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விற்பவர் கையின்மேல் போட்டு, அதற்கு அடியில் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரலைப் பிடித்தார் என்பது அந்த இருவருக்குத்தான் தெரியும். சுற்றி நிற்பவர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

பொது இடத்துக்கு வந்துவிட்டால் எல்லாமே பொதுச் சொத்து என்று நினைப்பவர்களுக்கு அந்தத் துண்டைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஆயிரம் கண்களுக்கு நடுவே, ஒரு முழத் துணியால் தங்களுக்கென்று ஓர் அறை கட்டிக்கொள்ள இந்த மக்களுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் நிற்பவர்களும் அந்த அறையை மதிக்கிறார்கள். துண்டைத் தூக்கிப் பார்ப்பவன் என்று ஒருவனை நான் கேள்விப்பட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அதே சந்தையில் நாட்டு மாடுகளைப் பற்றி வீடியோ எடுக்கக் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு ஜோடி மயிலைக் காளைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவரிடம், "ஏனுங்க ஐயா, ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளலாமுங்களா?" என்று கேட்டேன். "மாட்டை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் கண்ணு, என்னை மட்டும் வேண்டாம்" என்றார். கூச்சப்படுகிறார் என்று நினைத்து இன்னொரு முறை கேட்டேன். அப்போதுதான் காரணத்தைச் சொன்னார். உழவு மாட்டை விற்க வந்திருப்பது மகளைக் கொடுத்த வீட்டாருக்குத் தெரியாது. வீடியோவில் பார்த்துவிட்டால், சம்பந்திக்கு என்ன நெருக்கடியோ என்று பேச்சு கிளம்பும். மகள் அந்த வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சந்தைக்கு வந்த அத்தனை பேரும் தன்னைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. யார் வருவார்கள், யார் வர மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தார். கேமரா அந்தக் கணக்கைக் குலைத்துவிடும்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டேன். பொது இடத்துக்கு வருபவர், அங்கே இருக்கும் கண்கள் தன்னைப் பார்ப்பதற்கு ஒப்புக்கொண்டு வருகிறார். தன்னைப் பதிவு செய்துகொள்வதற்கு ஒப்புக்கொள்வது அடுத்த படி. அந்தப் பதிவு, தான் அறியாதவர்களிடமும், தன்னை நன்றாக அறிந்தவர்களிடமும் போய்ச் சேருவதற்கு ஒப்புக்கொள்வது அதற்கும் அடுத்த படி. இன்று கோவை பந்தயச்சாலையிலும் ஈரோடு ஜவுளிச் சந்தையிலும் நடக்கும் பெரும்பாலான படப்பிடிப்புகள், முதல் படியில் நிற்பவரை மூன்றாம் படிக்கு இழுத்துப் போகின்றன. பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு அல்ல; மூன்றும் ஒன்று என்ற நினைப்பில்.

அந்த நினைப்பு பழையதும் அல்ல. எங்கள் ஊர்களில் கேமரா நெடுங்காலம் அழைத்தால் மட்டுமே வரும் பொருளாக இருந்தது. கல்யாணத்துக்கும் சீருக்கும் காதுகுத்துக்கும் ஸ்டுடியோக்காரரை வரச் சொல்லிக் காசு கொடுப்பார்கள். ஆல்பமும் கேசட்டும் பீரோவுக்குள் போய்விடும். யார் பார்க்கலாம் என்பதை வீட்டார் முடிவு செய்வார்கள். ரேஷன் கார்டுக்கும் வாக்காளர் அட்டைக்கும் எடுத்ததைத் தவிர வேறு படமே இல்லாத ஆத்தாக்களை நான் அறிவேன். எடுப்பவர் வேறு, எடுக்கச் சொல்பவர் வேறு, படம் யாருக்குச் சொந்தம் என்பதில் குழப்பம் இல்லை. கைபேசி வந்த பிறகு எடுப்பவரே எடுக்கச் சொல்பவராகவும் வெளியிடுபவராகவும் அதில் வருமானம் பார்ப்பவராகவும் ஆகிவிட்டார். படத்தில் இருப்பவருக்கு மட்டும் இந்த ஏற்பாட்டில் ஓர் இடமும் இல்லை.

இந்தச் சிக்கல் நமக்கு முன்பே வேறு நாடுகளுக்கு வந்தது; கேமரா கைக்கு அடக்கமானதும் வந்தது. 1888இல் கோடாக் கைக்கேமரா விற்பனைக்கு வந்தது. 1890இல் பாஸ்டன் நகரத்து வழக்கறிஞர்கள் வாரனும் பிராண்டைசும், நொடியில் எடுக்கப்படும் புகைப்படங்களும் பத்திரிகைகளும் வீட்டு வாழ்க்கைக்குள் புகுந்துவிட்டன என்று முறையிட்டு, 'தன்பாட்டில் விடப்படும் உரிமை' என்ற கருத்தை முன்வைத்தார்கள். ஜெர்மனியில் 1898இல் பிஸ்மார்க் இறந்த இரவு, இரண்டு புகைப்படக்காரர்கள் அவர் கிடத்தப்பட்டிருந்த அறைக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து படம் எடுத்தார்கள். அதை ஒட்டி எழுந்த விவாதத்தின் விளைவாக, ஒருவர் படத்தை வெளியிட அவருடைய ஒப்புதல் வேண்டும் என்று 1907இல் அங்கே சட்டம் வந்தது. ஊர்வலம், கூட்டம், நிலக்காட்சியில் தற்செயலாக வந்துபோகும் ஆட்கள், சமகால வரலாற்றில் இடம்பெற்றவர்கள் ஆகியோருக்கு அந்தச் சட்டமே விலக்கும் அளித்தது. கனடாவில் 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு இன்னும் எளிமையானது. மாண்ட்ரியலில் ஒரு கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படம், கேட்காமலேயே ஒரு கலை இதழில் வந்தது. படத்தில் இழிவாக எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் பக்கமே தீர்ப்பு வந்தது; இழப்பீடு 2,000 டாலர்.

இந்தியாவில் பொது இடத்தில் பிறரைப் படம் எடுக்கக் கூடாது என்று பொதுவான சட்டம் ஏதும் கிடையாது. இதை வைத்துத்தான் "பொது இடம், எடுப்பேன்" என்று வாதிடுகிறார்கள். வாதத்தின் முதல் பாதி சரி. மறு பாதிக்கு நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்பதைப் பலர் கேட்டதில்லை. அதிலும் முக்கியமான தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் வந்தது என்பது இன்னும் குறைவானவர்களுக்கே தெரியும்.

கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் பத்திரிகை வெளியிட முனைந்தபோது அதிகாரிகள் தடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபரில் பத்திரிகைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசுப் பதிவேடுகளில் உள்ளதை வெளியிடலாம், அரசு ஊழியர்கள் தங்கள் கடமையில் செய்த செயல்களைப் பற்றி எழுதலாம் என்றது. அதே தீர்ப்பில், தன்பாட்டில் விடப்படும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றும், குடும்பம், திருமணம், தாய்மை, கல்வி போன்றவற்றைப் பற்றி ஒருவருடைய சம்மதம் இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது என்றும் சொன்னது. வெளியிடுவது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது பொருட்டல்ல என்ற வரியையும் சேர்த்தது. ஆட்டோ சங்கர் 1995இல் சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்த மனிதனின் வழக்கிலிருந்து நம் எல்லோருக்கும் ஒரு பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. 'நல்லதாகத்தானே போட்டேன்' என்று சொல்லும் வீடியோக்காரர்களுக்கு, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்ற அந்த வரியை நினைவூட்ட விரும்புகிறேன்.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது இன்னும் தெளிவாகச் சொன்னது: பொது இடத்தில் இருக்கிறார் என்பதாலேயே ஒருவர் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை, அது இடத்தைச் சார்ந்ததன்று, மனிதரைச் சார்ந்தது. துண்டுக்கு அடியில் விலை பேசும் தரகருக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது.

அடிப்படை உரிமை என்று உயரத்தில் சொல்லப்பட்டது, தெருவில் இறங்கும்போது சிறு சிறு பிரிவுகளாகத்தான் இறங்குகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம் எடுப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அவர் இருந்தது பொது இடமா தனியிடமா என்ற பேதம் இல்லை என்று அந்தப் பிரிவே விளக்குகிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, பெண்ணின் அந்தரங்கச் செயலை ஒளிந்து பார்ப்பதையும் படம் எடுப்பதையும் தண்டிக்கிறது. முதல் முறைக்கு ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை. அதில் ஒரு விளக்கம் இருக்கிறது: படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதைப் பிறருக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம். நான் மேலே சொன்ன இரண்டாம் படியையும் மூன்றாம் படியையும் சட்டம் வெளிப்படையாகப் பிரித்து வைத்திருப்பது இந்த ஒரு மூலையில்தான். அந்த மூலை ஏன் முக்கியம் என்று பொள்ளாச்சிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2019இல் வெளியே வந்த அந்தப் பாலியல் வன்கொடுமை வழக்கில் வீடியோதான் மிரட்டும் ஆயுதமாக இருந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அதற்குப் பிறகும், எங்கள் பகுதியில் ஒரு பெண் தெரியாத கேமராவைக் கண்டு முகத்தைத் திருப்பினால் 'என்ன பெரிய பயம்' என்று கேட்பவரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

இந்தப் பிரிவுகளுக்கு இடையே பெரிய ஓட்டைகள் உண்டு. கொடிவேரி அணைக்கு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். குடும்பம் குடும்பமாகக் கொட்டும் நீருக்கு அடியில் நிற்பார்கள். நனைந்த சேலையோடு, நனைந்த சுடிதாரோடு நிற்கும் பெண்களைத் தூரத்திலிருந்து நெருக்கமாக இழுத்து எடுக்கும் கேமராக்களும் அங்கே இருக்கும். அவர்கள் உடை உடுத்தியிருக்கிறார்கள். இடம் பொது இடம். 66இ, 77 இரண்டிலும் இது சுலபமாக அடங்காது. பெண்ணின் மாண்பை அவமதிக்கும் நோக்கத்தோடு அவர் அந்தரங்கத்தில் தலையிடுவதைத் தண்டிக்கும், அதே நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவை நாட வேண்டும். நோக்கத்தை நிரூபிக்கவும் வேண்டும். பவானி கூடுதுறையில் வேறு விதம். ஆடி அமாவாசைக்கும் சாதாரண நாட்களிலும், அஸ்தியோடும் திதி கொடுக்கவும் வருபவர்கள் ஆற்றில் மூழ்கி எழுந்து, ஈரத் துணியோடு பிண்டத்துக்கு முன் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்திலேயே நின்று 'காவிரியும் பவானியும் கூடும் அழகு' என்று பேசிக்கொண்டே ஒருவர் கேமராவைச் சுழற்றுவார். தந்தையைக் கரைத்துவிட்டுக் கரையேறும் மகனின் முகம் அந்த அழகில் ஒரு நொடி வந்துபோகும். எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. அந்த மகனிடம் யாரும் கேட்கவும் இல்லை.

திருவிழாக்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கொங்கு நாட்டில் கேமராவுக்கு அதிக வேலை அங்கேதான். பங்குனியில் பண்ணாரி மாரியம்மன் கோயிலில் குண்டம் என்ற தீமிதிக்கு வரும் பெருங்கூட்டத்தில் யாரிடம் போய்ச் சம்மதம் கேட்பது? கேட்க முடியாது, கேட்கத் தேவையும் இல்லை. கூட்டத்தைக் கூட்டமாக எடுப்பதில் எனக்கு உறுத்தல் இல்லை. ஜெர்மானியர்கள் 1907இல் எழுதி வைத்த விலக்கும் இதைத்தான் சொல்கிறது. கேமரா கூட்டத்திலிருந்து ஒரு முகத்தைப் பிரித்தெடுத்து அதன் மேல் தங்கும் நொடியில் கணக்கு மாறிவிடுகிறது. அது இனிக் கூட்டத்தின் படம் இல்லை, ஒருவரின் படம்.

அந்த ஒருவர், அருள் வந்து ஆடுபவராக இருந்தால்? தீர்த்தக்குடத்தோடு வருகையில், பூவோடு என்ற தீச்சட்டி எடுக்கையில், உடுக்கைச் சத்தம் ஏறும்போது ஒரு பெண்ணுக்கு அருள் வருகிறது. கூந்தல் அவிழ்கிறது, சேலை நெகிழ்கிறது. உடனே பக்கத்தில் நிற்கும் அக்காளோ அத்தையோ ஓடிவந்து சேலையைச் சரிசெய்து, இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டுவருவார். ஊர் அந்தப் பெண்ணைச் சுற்றி ஒரு வேலி கட்டுகிறது. இதுவும் தரகரின் துண்டு போலத்தான். அந்த வேலிக்குள் நின்று பார்ப்பவர்கள் அவரை அறிந்தவர்கள், கும்பிடுபவர்கள், அவரிடம் வாக்குக் கேட்பவர்கள். கேமரா அதே நிமிடத்தை வெட்டியெடுத்து, சினிமாப் பாட்டை ஒட்டி, அவரைக் கும்பிடாதவர்கள் முன்னால் போடுகிறது. கீழே வரும் கருத்துகளை நான் படித்திருக்கிறேன். இங்கே எழுதத் தகுந்தவை அல்ல. அருள் வந்த நிலையில் ஒருவரால் சம்மதம் கொடுக்க முடியாது. தெளிந்த பிறகு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு கேட்கலாம். வேண்டாம் என்றால் அழிக்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சில கோயில்கள் வாசலிலேயே இதைத் தீர்த்துவிட்டன. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. பழனியில் 2023 அக்டோபர் 1 முதல் கைபேசியை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஊர் மாரியம்மன் கோயிலில் அப்படிக் கைபேசியை ஒப்படைக்க ஓர் இடம் வைக்க முடியாது. அங்கே திருவிழாக் கமிட்டிதான் திருவிழாவை அறிவித்து நோன்பு சாட்டும் நாளிலேயே இதையும் பேசி வைக்க வேண்டும்.

வள்ளி கும்மி கொஞ்சம் வேறு மாதிரி. அது வள்ளி திருமணக் கதையைப் பாடி ஆடும் நிகழ்த்து கலை. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆண்களுக்கே உரியதாக இருந்த வள்ளி கும்மியில் பெண்களைப் பயிற்றுவித்துச் சேர்த்தவர் அவர். இன்று அரங்கேற்றம் என்றால் ஊரே திரளும். ஒரே நிறச் சேலையில் பள்ளிப் பெண்களும் அவர்கள் தாய்மார்களும் ஒன்றாக ஆடுவார்கள். எடுக்கப்பட வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும் என்றுதான் ஆடுகிறார்கள். இங்கே மூன்று படிகளுக்கும் சம்மதம் இருக்கிறது என்றே கொள்ளலாம்; ஆட்டத்துக்கு. இருநூறு பேர் வட்டத்திலிருந்து பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியை மட்டும் வெட்டி, வேகத்தைக் குறைத்து, காதல் பாட்டைப் போட்டு ஓடவிடுவதற்கு யாரும் சம்மதம் கொடுக்கவில்லை. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின், சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. பெற்றோர் மேடைக்கு அனுப்பிய ஒப்புதல் அதற்குப் போதாது.

அந்தச் சட்டத்தைப் பற்றி இன்னும் சில வரிகள். ஒப்புதல் என்பது சுதந்திரமாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனையின்றி, ஐயமின்றித் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. கொடுத்ததைப் போலவே எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். 2025 நவம்பரில் அதன் விதிகள் அறிவிக்கப்பட்டு, பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சொந்தத் தேவைக்கும் வீட்டுத் தேவைக்கும் ஒருவர் எடுப்பதற்குச் சட்டம் பொருந்தாது. அத்தையின் பேரனுக்கு அனுப்பத் தேரை எடுப்பவர் கவலைப்பட வேண்டாம். விளம்பர வருமானம் வரும் சேனல் 'வீட்டுத் தேவை' என்று வாதிடுவது கடினம் என்பது என் கருத்து. பத்திரிகைப் பணிக்கு முந்தைய வரைவுகளில் இருந்த விலக்கு இறுதிச் சட்டத்தில் இல்லை. இது எனக்குக் கவலை தருகிறது. சம்மதம் என்ற சொல்லை அதிகாரத்தில் இருப்பவர்கள் கேடயமாகத் தூக்கிப் பிடிக்க இடம் கொடுக்கிறது.

ஏனென்றால் கேட்காமல் எடுக்க வேண்டிய படங்களும் உண்டு. லஞ்சம் வாங்கும் கையையும், தடியை ஓங்கும் கையையும் அனுமதி கேட்டுவிட்டு எடுக்க முடியாது. கடமையில் இருக்கும் அரசு ஊழியரின் செயல் பொதுவானது என்று 1994 தீர்ப்பே சொல்லிவிட்டது. 2015இல் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில், கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு முக்கியச் சான்றாக நின்றது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே, சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதும் கேமராவில் பதிவானது. நீதிமன்றத்துக்கு அந்தப் பதிவு தேவைப்பட்டது. ஆனால் அது தொலைக்காட்சிகளிலும் கைபேசிகளிலும் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடியது. வெட்டுப்பட்டு உயிர் பிழைத்த மனைவி கௌசல்யா மருத்துவமனையில் இருந்தபோது, ஊர் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சான்றாகப் பாதுகாப்பதும் காட்சியாகப் பரப்புவதும் வெவ்வேறு செயல்கள்.

இந்த இரண்டு கொலைகளும் நடந்த நிலத்தில், பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆணையும் பெண்ணையும் விளையாட்டாகப் படம் எடுத்துப் போடுபவர் என்ன செய்கிறார் என்று யோசிக்க வேண்டும். யாரோடு யார் உட்கார்ந்திருந்தார் என்ற செய்தி எங்கள் பகுதியில் உயிரை வாங்கக்கூடியது. காதலர் தினத்தன்று கேமராவோடு பூங்காவுக்குள் நுழைபவர்கள் இதை அறியாதவர்கள் என்று நான் நம்பவில்லை.

திருப்பூர் இன்னொரு பாடத்தைக் கற்றுத் தந்தது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சில வீடியோக்கள் வட மாநிலங்களில் தீயாகப் பரவின. அவை பொய் என்று அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார். ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கிடையே நடந்த சண்டை. அதற்குள் அச்சம் பரவிவிட்டது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து விசாரித்துப் போனது. தெருச் சண்டையைக் கைபேசியில் எடுத்தவர்கள் இப்படி ஆகும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். படம் கையை விட்டுப் போனதும், அது என்ன என்று சொல்லும் உரிமையும் எடுத்தவர் கையை விட்டுப் போய்விடுகிறது. அடிபட்டவர் வேறொரு கதையின் பாத்திரமாக ஆக்கப்படுகிறார்.

கேமராவால் நன்மை வந்ததில்லையா என்று கேட்பார்கள். வந்திருக்கிறது. கோவை வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாளை 2019இல் நாடே பார்த்தது. எரிவாயு இணைப்பு கிடைத்தது, 2022இல் மகிந்திரா நிறுவனம் வீடு கட்டிக் கொடுத்தது. அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதைக் காட்டி, பூ விற்கும் ஒவ்வொரு ஆத்தாவின் முகத்துக்கு முன்னாலும் கேமராவை நீட்டி 'உங்களுக்கு நல்லதுதான்' என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். தன் பெயரையும் சாயலையும் பேச்சுப் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று நடிகர் ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2015இல் தடை பெற்றார். முகத்துக்கு மதிப்பு உண்டு என்று அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. பதிப்புரிமைச் சட்டப்படி படம் பொதுவாக எடுத்தவருக்குத்தான் சொந்தம். படத்தில் இருக்கும் ஆத்தாவுக்கு அதில் பங்கில்லை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத அவரிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான் அவருக்கு இருக்கும் காப்பு.

கேட்பதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கொங்குத் தமிழின் மரியாதை எல்லோரும் அறிந்தது. சின்னப் பையனுக்கும் 'ங்க' போட்டுப் பேசுவோம். வந்தவரிடம் முகத்தில் அடித்தாற்போல 'வேண்டாம்' என்று சொல்ல எங்களுக்கு வராது. "எடுத்துக்கொள்ளலாமுங்களா?" என்றால் "சரிங்க" என்றே பதில் வரும். அந்தச் 'சரிங்க' பல நேரம் விருந்தினருக்குக் காட்டும் பணிவு. சம்மதம் அதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 'சரிங்க' என்று சொல்லிக்கொண்டே முந்தானையை இழுத்துத் தலையில் போட்டால், தராசின் பக்கம் குனிந்துகொண்டால், பேரனைப் பின்னால் நகர்த்தினால், அதுதான் பதில். அதனால் நான் கேட்கும் முறையை மாற்றிக்கொண்டேன். கேமராவைப் பையில் வைத்துவிட்டுத்தான் கேட்பேன். எதற்கு எடுக்கிறேன், எங்கே போடுவேன், யார் யார் பார்ப்பார்கள், அதில் எனக்கு வருமானம் உண்டு என்பதைச் சொல்வேன். பிறகு, "வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தமில்லைங்க, தயங்காமல் சொல்லுங்க" என்று மறுப்பதற்கான சொல்லையும் நானே எடுத்துக் கொடுப்பேன். அந்த வாக்கியம் வந்ததும் பாதிப் பேர் மறுத்துவிடுகிறார்கள். முன்பு அந்தப் பாதிப் பேரையும் நான் எடுத்திருக்கிறேன்.

எடுத்த பிறகு திரையில் போட்டுக் காட்டுவேன். என் கைபேசி எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். திருப்பூர் பனியன் கம்பெனித் தெருக்களில் இந்தி பேசும் தொழிலாளர்களிடம் அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவேன். மேஸ்திரியிடம் கேட்டுவிட்டு ஆட்களை எடுப்பதை நிறுத்திவிட்டேன். மேஸ்திரி 'எடுங்க' என்றால் அவருக்குக் கீழே வேலை செய்பவர் எப்படி மறுப்பார்?

தன்னைக் கேட்காமல் எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தவர், முதலில் போட்டவரிடம் கேட்கலாம், பலர் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் யூடியூப்பில் அந்தரங்க மீறல் என்று நேரடியாகப் புகார் செய்யும் வழி உண்டு. பொதுவாக வெளியிட்டவருக்கு 48 மணி நேரம் கொடுத்துவிட்டு நிறுவனம் பரிசீலிக்கும். மிரட்டல், ஆபாசம், குழந்தைகள் சம்பந்தப்பட்டது என்றால் காத்திருக்கக் கூடாது. மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கோ தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்துக்கோ போக வேண்டும். போவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, முகவரியையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அழிக்கப்பட்ட பிறகு நிரூபிப்பது கடினம்.

மேலே அருள் வந்த பெண்ணைப் பற்றி எழுதியது நான் எடுத்த ஒரு வீடியோவை நினைத்துத்தான். கண்ணபுரத்துப் பெரியவரைச் சந்திப்பதற்கு முந்தைய ஆண்டு, கோபிப் பக்கம் ஒரு கிராமத்து மாரியம்மன் திருவிழாவில் எடுத்தேன். கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஒன்றரை மாதம் கழித்து அவர் மகன் அழைத்தார். கோபமாகப் பேசவில்லை. "அம்மா கடைத்தெருவுக்குப் போவதையே விட்டுவிட்டாங்க, அதை எடுத்துவிடுங்க அண்ணா" என்றார். அன்று இரவே அழித்தேன். நேரில் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தார், வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்குள் வேறு யார் யாரோ அதை இறக்கி, வெட்டி, வேறு பாட்டை ஒட்டித் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பங்குனியிலும் திருவிழாக் காலத்தில் அது மீண்டும் தலைகாட்டும். நான் தேடுவேன், கிடைப்பதற்கெல்லாம் புகார் கொடுப்பேன், மகனுக்குத் தகவல் சொல்வேன். இந்த ஆண்டு இதுவரை நான்கு கிடைத்திருக்கின்றன. மூன்றை எடுத்துவிட்டார்கள்.